உளப்பகுப்பாய்வும் சமூகச் சூழலும்: டொனால்ட் வின்னிகொட்டின் சிகிச்சை நோக்கு பற்றிய ஒரு மதிப்பீடு

1

உளப்பகுப்பாய்வு பற்றி முற்போக்குச் சிந்தனையாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தொன்று உண்டு. தனிமனிதனுடைய துயரத்துக்கான காரணங்களை அவனது பிள்ளைப் பருவத்திலும் இயல்பூக்கங்களிலும் தேடும் இத்துறை, அத்துயரத்தைத் தோற்றுவிக்கும் சமூக உறவுகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது என்பதே அக்கருத்தாகும். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937இல் உயிர்நீத்த ஆங்கில மார்க்சிய விமர்சகர் கிறிஸ்தோபர் கோட்வெல் இதனை வன்மையாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். அவரது மறைவின் பின்னர் 1938இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியிலே பிராய்டைப் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெற்றது. சமூகத்துக்கு முற்பட்டதாக ஒரு தனிமனிதனைக் கற்பித்து, அவனுடைய இயல்பூக்கங்களைச் சுதந்திரமானவையாகவும் சமூகத்தை அவற்றைத் தளைப்படுத்தும் விலங்காகவும் காண்பது முதலாளித்துவ உளவியலின் அடிப்படைத் தவறு என அவர் வாதிட்டார். மனிதனின் நனவும் சுதந்திரமும் சமூக உறவுகளுக்கூடாகவே உருப்பெறுகின்றன என்பது அவரது நிலைப்பாடு.

இவ்விமர்சனத்தின் வலிமையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் உளப்பகுப்பாய்வின் வரலாறு முழுவதையும் இவ்வொரு கூற்றுக்குள் அடக்கிவிட முடியுமா என்பது ஆராயப்பட வேண்டியதாகும். 1918ஆம் ஆண்டு புடாப்பெஸ்ற் நகரில் நடைபெற்ற மாநாட்டிலே, வறியவர்களுக்கும் உளச்சிகிச்சை பெறும் உரிமை உண்டென்றும், அதனை இலவசமாக வழங்கும் பொறுப்பை ஒருநாள் அரசு ஏற்க நேருமென்றும் பிராய்ட் எடுத்துரைத்தார். அதனைத் தொடர்ந்து 1920இல் பேர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் இலவச சிகிச்சை நிலையங்கள் தோன்றின. நாசிசத்தின் எழுச்சியும் அதனால் நேர்ந்த புலம்பெயர்வுமே இம்முயற்சிகளைச் சிதைத்தன. எனவே, வசதி படைத்தோரின் தனியறையிலே மட்டும் வளர்ந்த ஒரு துறையாக உளப்பகுப்பாய்வைக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இப்பின்னணியில், உளத்துயருற்றோருக்கு உதவும் பணியைத் தமக்கேயுரிய முறையில் வகுத்துக்கொண்ட ஆங்கில உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வின்னிகொட்டின் நோக்கினை மதிப்பிட முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவரைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. உளப்பகுப்பாய்வு மரபினுள்ளே நின்றுகொண்டு ‘சூழல்’ என்பதற்கு மையமான இடத்தை அளித்தவர் இவர். கோட்வெல்லின் குற்றச்சாட்டு இவருக்குப் பொருந்துமா, பொருந்துமெனின் எந்த அளவுக்கு என்பதே நம்முன் உள்ள வினா.

2

வின்னிகொட் 1896இல் பிளிமத் நகரிலே வசதிமிக்க வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். குழந்தை மருத்துவராகப் பயிற்சி பெற்று 1923இல் இலண்டனில் உள்ள படிங்டன் கிறீன் சிறுவர் மருத்துவமனையிற் சேர்ந்த அவர், அங்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். உளப்பகுப்பாய்வாளராக ஆன பின்னரும் அம்மருத்துவமனையை அவர் விட்டு நீங்கவில்லை. தாய்மார் தம் குழந்தைகளை மடியில் ஏந்தியவண்ணம் வரிசையில் காத்திருக்கும் அந்த வெளிநோயாளர் பிரிவே அவருடைய கோட்பாடுகளின் விளைநிலமாயிற்று. வளர்ந்தோரின் நினைவுகளிலிருந்து பிள்ளைப் பருவத்தை ஊகித்தறிந்தவர் பிராய்ட். வின்னிகொட்டோ தாயையும் சேயையும் ஒருங்கே கண்முன் கண்டவர். இந்த வேறுபாடு முக்கியமானது. குழந்தையைத் தனியாகப் பிரித்தெடுத்து வருணிக்க முனைவோர், அதனைப் பராமரிக்கும் ஒருவரையும் சேர்த்தே வருணிக்க வேண்டியிருக்கும் என்று அவர் வலியுறுத்தியமைக்கு இவ்வனுபவமே அடிப்படையாகும்.

இரண்டாம் உலகப் போர் அவருடைய சிந்தனையில் மற்றொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 இலட்சம் பேர் பிரித்தானிய நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அரசினால் இடம்பெயர்க்கப்பட்டனர். இவர்களுட் பெரும்பாலோர் பெற்றோரைப் பிரிந்த சிறுவர்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே வின்னிகொட், ஜோன் போல்பி, இமானுவேல் மில்லர் ஆகிய மூவரும் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதனால் விளையக்கூடிய தீங்குகளைச் சுட்டிக்காட்டினர். புகலளித்த வீடுகளில் அடங்கி இருக்கமாட்டாத சிறுவர்களுக்கென ஒக்ஸ்போட்சயர் மாவட்டத்தில் விடுதிகள் அமைக்கப்பட்டபோது, வின்னிகொட் அவற்றின் ஆலோசகராக வாரந்தோறும் சென்றுவந்தார். பின்னாளில் அவரை மணந்த கிளெயார் பிறிற்றன் என்னும் சமூகப் பணியாளரும் அங்கு அவருடன் பணியாற்றினார்.

அவ்விடுதிகளில் அவர் கற்றுக்கொண்டது யாது? திருடியும் தீமூட்டியும் படுக்கையை நனைத்தும் ஓடிப்போயும் வந்த அச்சிறுவர்களுக்கு, நுட்பமான உளவிளக்கங்களைக் காட்டிலும் வேளை தவறாத உணவும், நாள்தோறும் மாறாத முகங்களும், கோபத்தைக் கண்டு குலைந்துவிடாத பெரியவர்களுமே பெருந்துணையாயின. விடுதிக் காப்பாளர்களும் சமையற்காரரும் தம்மை அறியாமலேயே சிகிச்சை புரிந்துகொண்டிருந்தனர். சிகிச்சை என்பது சிகிச்சையாளரின் சொல்லிலே மட்டும் தங்கியிருப்பதன்று என்னும் உண்மையை இதன்மூலம் அவர் கண்டறிந்தார். பின்னர் அவர் ‘தாங்குதல்’ என்று பெயரிட்ட கருத்தாக்கம் இங்குதான் வேர்கொண்டது எனலாம்.

3

வின்னிகொட்டின் சிகிச்சை முறையை நோக்குமிடத்து மூன்று பண்புகள் சிறப்பாக அவதானிக்கத்தக்கன.

முதலாவது, துன்புறுவோனின் குறிகளை அவர் வாசித்த முறை. களவு, பொய், அழிவுச்செயல் ஆகியவற்றை ஒழுக்கக்கேடாகவோ நோயாகவோ மட்டும் அவர் காணவில்லை. ஒருகாலத்தில் பெற்றிருந்து இடையில் இழந்துவிட்ட நல்லதொன்றைச் சூழலிடமிருந்து மீளக் கோரும் முயற்சியாகவே அவற்றைக் கண்டார். திருடும் பிள்ளை இன்னும் நம்பிக்கை இழக்காத பிள்ளை என்பது 1956இல் அவர் வழங்கிய உரையின் சாரம். தண்டனையையே பரிகாரமாகக் கொண்ட ஒரு சமூகத்தில் இக்கருத்து எத்துணை மனிதாபிமானம் மிக்கது என்பதை விளக்க வேண்டியதில்லை. குற்றவாளியாக நிறுத்தப்படும் சிறுவன் இங்கு வழக்காளியாகின்றான். அவனுக்கு ஏதோ கடன்பட்டிருப்பதாகச் சூழல் குற்றம் சாட்டப்படுகின்றது.

இரண்டாவது, சிகிச்சையாளர் தமது அறிவுத்திறனை அடக்கிக்கொள்ள வேண்டும் என்னும் கோட்பாடு. நோயாளி தானாகவே வந்தடையக்கூடிய உண்மையை முந்திக்கொண்டு எடுத்துரைப்பது அவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பதாகும் என்று, அவர் மறைந்த ஆண்டாகிய 1971இல் வெளிவந்த ‘விளையாட்டும் யதார்த்தமும்’ என்னும் நூலில் அவர் வலியுறுத்தினார். சிறுவர்களுடன் அவர் ஆடிய கிறுக்கல் விளையாட்டு இதற்குச் சிறந்த உதாரணம். மருத்துவர் தாளில் ஏதோவொரு கோட்டை இழுப்பார். பிள்ளை அதனை ஓர் உருவமாக்கும். அடுத்துப் பிள்ளை கோடு இழுக்கும்; மருத்துவர் உருவமாக்குவார். சோதிப்பவர், சோதிக்கப்படுபவர் என்ற ஏற்றத்தாழ்வு இதிலே பெருமளவு தளர்ந்துவிடுகின்றது. இருவரும் சேர்ந்து ஆக்கும் ஒரு வெளியிலேதான் சிகிச்சை நிகழ்கின்றது.

மூன்றாவது, சிகிச்சையாளரின் உணர்ச்சிகள் பற்றிய நேர்மை. நோயாளிமீது சிகிச்சையாளருக்கு வெறுப்பும் தோன்றும். அதனை மறைத்துப் பரிவு வேடம் பூணுவது நோயாளிக்கே தீங்காகும் என்று 1949இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் எழுதினார். போர்க்காலத்தில் தம் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்த, ஓயாது ஓடிப்போகும் ஒன்பது வயதுச் சிறுவனைப் பற்றி அதில் குறிப்பிடுகின்றார். அவன் கட்டுமீறும்போது அவனை அடிக்காது வாசலுக்கு வெளியே விட்டு, அவன்மீது தமக்கு வெறுப்பு ஏற்பட்டுள்ளதை வெளிப்படையாகவே சொல்லி, அவன் திரும்பி வர விரும்பும்போது கதவைத் திறந்துகொள்வது அவரது வழக்கமாயிற்று. தொண்டு மனப்பான்மையின் போலித்தனத்தை உடைக்கும் இந்நேர்மை, உதவும் தொழில்களில் ஈடுபடும் எவருக்கும் பயன்படுவது.

இப்பண்புகள் யாவும் ஒருங்கே தென்படும் ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 1955இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் அழைத்துவரப்பட்டான். வீட்டில் உள்ள நாற்காலி, மேசை முதலியவற்றையெல்லாம் கயிற்றினாற் பிணைத்துக் கட்டுவது அவன் இயல்பாயிருந்தது. கிறுக்கல் விளையாட்டிலும் அவன் கோடுகளைச் சவுக்காகவும் சுருக்குக் கயிறாகவும் முடிச்சாகவுமே ஆக்கினான். அவனுடைய தாய் மனச்சோர்வினால் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்; அதற்கு முன்னரும் அவன் தாயைப் பிரிய நேர்ந்திருந்தது. பிரிவின் அச்சத்தைக் கயிற்றினால் அவன் மறுக்கின்றான் என்பதை உணர்ந்த வின்னிகொட், அதனைப் பிள்ளையிடம் விரித்துரைக்கவில்லை. தாயிடம் எடுத்துக் கூறி, தக்க தருணம் வாய்க்கையில் மகனுடன் இதுபற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார். முதலில் இதனைப் பொருட்படுத்தாத தாய், பின்னர் பேசியபோது, மகன் அப்பேச்சுக்காகவே காத்திருந்தவன் போலானதைக் கண்டார். கயிற்று விளையாட்டு நின்றது. தாய் மறுபடியும் சத்திரசிகிச்சைக்குச் செல்ல வேண்டியேற்பட்டபோது அது மீண்டும் தலைகாட்டியது. மீண்டும் பேச்சினால் தணிந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் 1969இல் அவர் சேர்த்த குறிப்பொன்றில், அச்சிறுவன் உண்மையிற் குணமடையவில்லை என்றும், தாயின் நோயுடன் அவன் துயரம் பிணைந்தே கிடந்ததென்றும், வாலிபப் பருவத்தில் அவன் வேறு பழக்கங்களுக்கு, குறிப்பாகப் போதைப்பொருளுக்கு, அடிமையானான் என்றும் பதிவுசெய்தார். தமது தோல்வியைத் தாமே அச்சேற்றிய இச்செயல் பாராட்டத்தக்கது. அதே வேளை, நமது விமர்சனம் தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

4

தாயின் மனச்சோர்வு எங்கிருந்து வந்தது? ஊனமுற்ற மகளொருத்தியையும் வளர்த்துக்கொண்டிருந்த அக்குடும்பத்திலே, அப்பெண்ணின் உழைப்புக்கும் ஓய்வுக்கும் என்ன ஏற்பாடு இருந்தது? மருத்துவமனையிலிருந்து திரும்பியவளுக்குத் துணைநின்ற நிறுவனங்கள் எவை? இவ்வினாக்கள் கட்டுரையில் எழவில்லை. வின்னிகொட்டின் ‘சூழல்’ தாயிலே தொடங்கி, தந்தையைச் சற்றே தொட்டு, வீட்டு வாயிலுடன் முடிந்துவிடுகின்றது. குழந்தையைத் தனித்து நோக்கலாகாது என்று கூறியவர், தாயைத் தனித்து நோக்கியுள்ளார். குழந்தைக்குத் தாய் சூழலாக இருப்பதுபோல், தாய்க்கும் கூலியும் குடியிருப்பும் அயலும் அரசும் சூழலாகின்றன என்னும் அடுத்த படியை அவர் எடுத்துவைக்கவில்லை.

இக்குறைபாடு அரசியல் விளைவுகளையும் கொண்டிருந்தது. 1943 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் பி.பி.சி. வானொலியில் அவர் தாய்மாருக்கு உரையாற்றினார். நிபுணர்களின் அறிவுரைக்கு அஞ்சாமல் தன் இயல்பறிவை நம்புமாறு தாயை ஊக்குவித்த அவ்வுரைகள் எளிய மொழியில் அமைந்தவை. தாய் குறையற்றவளாக இருக்க வேண்டியதில்லை, போதிய அளவு நல்லவளாக இருந்தாற் போதும் என்ற அவரது கருத்து பல பெண்களின் குற்றவுணர்வைத் தணித்திருக்கும். ஆயினும், போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிற் பணியாற்றிய பெண்கள் மீண்டும் அடுப்படிக்குத் திருப்பப்பட்ட காலத்தில், தாயின் இடைவிடாத அருகிருப்பையே உளநலத்தின் அடித்தளமாகப் போற்றிய குரல் எப்பக்கம் சாய்ந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

இவ்விடத்தில் நாம் எளிய முடிவுக்கு விரைந்துவிடலாகாது. போல்பி, வின்னிகொட் போன்றோரின் கோட்பாடுகளே போர்க்காலக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் மூடப்படுவதற்குக் காரணமாயின என்ற கூற்றினை டெனிஸ் றைலி 1983இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அரசாங்க அமைச்சுகளின் முரண்பட்ட கொள்கைகளும் தொழிற்சந்தையின் தேவைகளும் நிதி பற்றிய கணக்குகளுமே இதிலே முதன்மை பெற்றன என்பதை அவர் காட்டினார். கருத்து சமூகத்தை நேரே இயக்குவதில்லை. பொருளாதார நிர்ப்பந்தம் தனக்குத் தேவையான கருத்தை நாடிக் கொள்கின்றது. வின்னிகொட்டின் வானொலிக் குரல் நிலையங்களை மூடவில்லை. ஆனால் அவை மூடப்பட்டபின் எஞ்சிய மௌனத்துக்கு இதமான ஓர் இசையை அது வழங்கியது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இன்னொரு முரண்பாடும் குறிப்பிடத்தக்கது. வறியவர்களின் பிள்ளைகளிடையே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த இம்மருத்துவர், 1948இல் நடைமுறைக்கு வந்த தேசிய சுகாதார சேவைத் திட்டத்தை எதிர்த்தார். மருத்துவன் அரசின் ஊழியனானால் அவனுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு கெடும் என்பது அவரது அச்சம். மூளையின் பகுதியை வெட்டித் துண்டிக்கும் சத்திரசிகிச்சையையும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் அவர் துணிவுடன் கண்டித்தமைக்கும் இதே மனப்பாங்கே காரணம் என்பதை மறந்துவிடலாகாது. மனித ஆளுமையினுள் அத்துமீறி நுழைவதை எதிர்த்த தாராண்மைவாதி அவர். ஆனால், பணமின்மையும் ஓர் அத்துமீறலே என்பதை அத்தாராண்மைவாதம் காணவில்லை.

தனியறையின் எல்லைகளை வேறு இரு சான்றுகளும் உணர்த்துகின்றன. தங்கை பிறந்ததைத் தொடர்ந்து இரவில் அஞ்சி அழத் தொடங்கிய, மூன்று வயதும் நிரம்பாத சிறுமி ஒருத்திக்கு 1964 தொடக்கம் 1966 வரை வின்னிகொட் சிகிச்சை அளித்தார். குறித்த கால அட்டவணையின்றி, பிள்ளை வேண்டும்போது சந்திக்கும் முறையில் அமைந்த அச்சிகிச்சையின் பதிவு அவர் மறைவின் பின்னர் 1977இல் நூலாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. பிள்ளையின் கறுப்புத் தாய் பற்றிய அச்சங்களையெல்லாம் பொறாமை, வேட்கை ஆகியவற்றின் மொழியில் அவர் நுட்பமாக விளக்கினார். எனினும் டெபொரா லூப்னிற்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அக்குடும்பத்தின் பின்னணியில் நாசிகளின் யூத இன அழிப்பு நிழலிட்டிருந்ததை எடுத்துக்காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கொடுமை ஒரு குழந்தையின் படுக்கையறைக்குள் இருளாக நுழைந்திருக்கக்கூடும். நூலிலோ அதற்கு இடமில்லை. வரலாறு வாயிலில் நிறுத்தப்பட்டுவிட்டது.

மற்றையது மசூத் கானின் கதை. பஞ்சாபிற் பிறந்து 1946இல் இலண்டன் சென்ற கான், வின்னிகொட்டிடம் பல்லாண்டுகள் பகுப்பாய்வுக்கு உட்பட்டவர். அவரது நூல்களைப் பதிப்பிக்கத் துணைநின்ற மாணாக்கருமாவார். வின்னிகொட்டினால் கானிடம் அனுப்பிவைக்கப்பட்ட பொருளியலறிஞர் வின் கொட்லி, தம்மைக் கான் எவ்வாறு அவமதித்துத் தம் வாழ்வில் அத்துமீறித் தலையிட்டார் என்பதை 2001இல் பகிரங்கமாக எழுதினார். யூத வெறுப்புக் கருத்துகள் நிறைந்த நூலொன்றை வெளியிட்டதைத் தொடர்ந்து 1988இல் கான் பிரித்தானிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆசிரியரின் பொறுமை மாணவனின் அடாத செயல்களுக்குப் போர்வையாயிற்றா என்ற வினா இதிலிருந்து எழுகின்றது. தாங்குதல் என்பது ஒருவரின் நற்குணத்தில் மட்டும் தங்கியிருக்குமாயின், அக்குணம் தவறும் இடத்தில் நோயாளிக்குப் பாதுகாப்பு எதுவுமில்லை. கண்காணிப்பும் முறைப்பாட்டுக்கான வழியும் பொதுப் பொறுப்பும் உடைய நிறுவன அமைப்பே அப்பாதுகாப்பை அளிக்க முடியும்.

5

இவ்வாறாயின் கோட்வெல்லின் தீர்ப்பு வின்னிகொட்டுக்கும் பொருந்துகின்றதா? பாதியளவே பொருந்துகின்றது என்பது நமது முடிவு. தனித்து நிற்கும் மனிதன் என்ற கற்பனையை வின்னிகொட் தகர்த்தார். உறவே முதலில் உள்ளது, ‘நான்’ என்பது அதிலிருந்து பிறப்பது என்னும் அவரது அடிப்படைக் கருத்து, கோட்வெல் பிராய்டிடம் காணாது வருந்தியதற்கு மிக அண்மையில் வந்து நிற்கின்றது. ஆனால் அவ்வுறவை இருவர் உறவாகச் சுருக்கி, அவ்விருவரையும் சூழ்ந்துள்ள வர்க்கத்தையும் வரலாற்றையும் அவர் பேசாது விட்டார்.

விடுபட்ட அப்பகுதியை எழுதியவராக நாம் பிரான்ற்ஸ் பனோனைக் கருதலாம். 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் மருத்துவமனையிற் பணியாற்றிய அவர், தன் மண்ணிலேயே மனிதன் அந்நியனாக்கப்பட்டுள்ள ஒரு நாட்டில், அவனை அவன் சூழலுடன் இசைவிக்கும் மருத்துவம் பொருளற்றது என்று கூறி 1956இல் பதவி துறந்தார். 1961இல் வெளிவந்த அவரது நூலின் இறுதிப் பகுதியில், சித்திரவதைக்கு உள்ளானவர்களின் துயரங்களோடு சித்திரவதை புரிந்தவர்களின் உளக்குலைவுகளும் இடம்பெறுகின்றன. சூழல் என்பது அங்கு குடியேற்ற ஆட்சியாகவே பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றது. எனினும், பதவி துறந்த பின்னரும் பனோன் மருத்துவத்தைக் கைவிடவில்லை. துனிசியாவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தே வந்தார். விடுதலை வரும்வரை துன்புறுவோன் காத்திருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதுவே முற்போக்குச் சிந்தனையாளர் மனங்கொள்ள வேண்டியதாகும். இன்றிரவு உறங்க முடியாதிருக்கும் ஒருவனுக்குச் சமூக மாற்றம் பற்றிய விளக்கம் மருந்தாகாது. அவன் பேசுவதை இடைமறியாது கேட்கவும், அவன் கோபத்தால் குலைந்துவிடாது நிற்கவும், சொன்ன வேளைக்கு வந்து சேரவும் ஒருவர் தேவை. அக்கலையை வின்னிகொட்டிடம் நாம் கற்கலாம், கற்கவும் வேண்டும். ஆனால் அத்தகைய ஒருவர் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதும், உறக்கத்தைக் கெடுத்த காரணங்களை நீக்குவதும் தனியறைக்குள் முடியும் காரியங்கள் அல்ல. அவை பொது வாழ்வின் பணிகள். ஒக்ஸ்போட்சயர் விடுதிகள் பொதுப்பணத்தில் இயங்கின என்பதையும், வின்னிகொட் தம் சிறந்த பாடத்தை அங்கேதான் கற்றார் என்பதையும் அவருடைய தேசிய சுகாதார சேவை எதிர்ப்புடன் ஒப்புநோக்கும்போது, அவரது செயல் அவரது கொள்கையைவிட முன்சென்றிருந்ததை நாம் காணலாம். அவர் விட்ட இடத்திலிருந்து அச்செயலைத் தொடர்வதே அவருக்குச் செய்யும் தக்க விமர்சனமாகும்.